செஞ்சி ஆற்றின் தோற்றுவாய்: வடதமிழகப் பாறைமலை ஆறொன்றின் புவியியல்

ஆய்வுச் சுருக்கம்

செஞ்சி ஆறு, வராகநதி, சங்கராபரணி என்னும் பெயர்களால் வழங்கும் ஆறு, விழுப்புரம் மாவட்டத்தின் வடமேற்குப் பாறைமலைகளில் தோன்றிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. இவ்வாற்றின் தோற்றுவாயை நூல்கள் ஒன்றுக்கொன்று முரணாகக் குறிக்கின்றன. பனிமலை ஆறுகளுக்குரிய ‘ஒரே ஊற்று’ என்னும் கருத்தை இவ்வாற்றின்மீது ஏற்றிப் பார்ப்பதே அம்முரணுக்குக் காரணம் என்று இக்கட்டுரை கருதுகிறது. பாறை, சுனை, ஏரி, ஓடை ஆகியவற்றின் தொடர்பிலிருந்தே இவ்வாறு உருவாகிறது என்பதையும், செஞ்சிக் கோட்டையின் நீர் அமைப்பு அத்தொடர்பின் ஒரு கண்ணியே என்பதையும் இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, சங்கராபரணி, வராகநதி, ஏரித்தொடர், வீடூர், அரிக்கமேடு.

முன்னுரை

2023 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியை அடுத்த திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றுக்குப் புஷ்கர விழா எடுக்கப்பட்டது. குருபகவான் மேட இராசியில் புகும் ஆண்டு புஷ்கர மரபில் கங்கைக்கு உரியது. திருக்காஞ்சி இறைவனின் பெயரோ கங்கைவராகநதீசுவரர். இப்பெயரில் வடபுலத்துப் பனிமலை ஆறும் உள்ளூர் வராகநதியும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழகத்தின் பல ஆறுகளுக்கு இத்தகைய கங்கைத் தொடர்பு கற்பிக்கப்பட்டுள்ளது. சமய நம்பிக்கையாக அதில் ஆய்வதற்கு நிறைய உண்டு. ஆனால் அது இக்கட்டுரையின் பொருளன்று.

இங்குக் கவனிக்க வேண்டியது வேறொன்று. கங்கையின் பிம்பம் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. நம் புவியியல் எழுத்துக்குள்ளும் அது புகுந்துள்ளது. ஆறு என்றால் தொலைவில் உயர்ந்த மலை ஒன்றும், அதில் ஓர் ஊற்றும், அவ்வூற்றிலிருந்து கடல்வரை அறாது ஓடும் ஒரு நீர்க்கோடும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கங்கைக்கே இவ்வெதிர்பார்ப்பு முழுமையாகப் பொருந்துவதில்லை. மரபு கோமுகத்திலிருந்து வரும் பாகீரதியைத் தாயாறாகக் கொள்கிறது. நீளத்தையும் நீர்ப்பெருக்கையும் அளவுகோலாகக் கொள்வோர் அலக்நந்தாவையே மூலவாறு என்பர். ஆயினும் அங்கே பனியாறுகள் கோடையிலும் உருகி ஆற்றை ஊட்டுவதால் ‘மூலம்’ என்னும் சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது. கோடையில் மணலாகக் கிடக்கும் செஞ்சி ஆற்றுக்கு அச்சொல்லை எப்பொருளில் வழங்குவது?

ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள்

தோற்றுவாய்க்கு முன் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கோட்டையைக் கடந்து வருவதால் செஞ்சி ஆறு. பொதுப்பணித்துறைப் பதிவுகளில் வராகநதி. ஆற்றங்கரை மக்கள் வழக்கிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலும் சங்கராபரணி. கழிமுகத்தில் இதன் கிளைகள் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று மேலும் இரு பெயர் பெறுகின்றன. ஆங்கிலேயர் காலத் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி முதல் மூன்று பெயர்களையும் ஒரே ஆற்றுக்குரியனவாகக் காட்டுகிறது.

ஆய்வாளர்கள் தவறக்கூடிய இடங்கள் இரண்டு. தேனி மாவட்டத்தில் பெரியகுளம் வழியாக ஓடி வைகையோடு தொடர்புறும் ஆற்றுக்கும் வராகநதி என்றே பெயர். பெயரை மட்டும் கொண்டு சொல்லடைவு தொகுத்தால் இரண்டும் கலந்துவிடும். அடுத்தது, தமிழகத்தின் பதினேழு வடிநிலத் தொகுதிகளுள் ஒன்றும் ‘வராகநதி வடிநிலம்’ எனப்படுகிறது. அதில் ஓங்கூர் ஆறு போன்ற தனி ஆறுகளும் அடங்கும். எனவே வடிநிலத்துக்குத் தரப்படும் பரப்பளவை இவ்வோர் ஆற்றின் பரப்பளவாக எடுத்தாளுதல் பிழை.

புதுச்சேரிப் பதிவுகளின்படி ஆற்றின் நீளம் 79 கி.மீ.; அதில் 34 கி.மீ. புதுச்சேரிப் பகுதியில் உள்ளது. வடக்கே பாலாறும் தெற்கே தென்பெண்ணையும் கருநாடகத்து மேட்டுநிலத்தில் தோன்றி வருபவை. அவ்விரண்டுக்கும் இடையே, தமிழகத்து மழையை மட்டுமே நம்பிப் பிறக்கும் சிற்றாறு இது. வேறு மாநிலம் மேலே அணை கட்டிற்று என்று குறைகூற இவ்வாற்றின் மேற்பகுதியில் வழியே இல்லை. இதன் வளமும் வறட்சியும் இதன் கரையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

பாறையும் மழையும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சியை நெருங்குவோர் முதலில் காண்பது மலைத்தொடரை அன்று. சமவெளியில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் உருண்டைப் பாறைக் குவியல்களை. யாரோ கொணர்ந்து கொட்டியவை போலத் தோன்றும் இவை கொட்டப்பட்டவை அல்ல. நின்ற இடத்திலேயே எஞ்சியவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுத் தொன்மை வாய்ந்த கருங்கல் வகைப் பாறைகள் நிலத்தடியில் கிடந்தபோதே வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி அவற்றைக் கட்டம் கட்டமாகச் சிதைத்தது. விளிம்புகள் கரைந்து ஒவ்வொரு கட்டமும் உருண்டையாயிற்று. இடையிலிருந்த மண்ணை மழை அரித்துச் சென்றபின் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. அரித்துச் செல்லப்பட்ட அம்மண்தான் செஞ்சியைச் சூழ்ந்துள்ள வயல்களின் மண்.

இவ்வமைப்பின் நீரியல் விளைவை ஊன்றி நோக்க வேண்டும். மண் மூடிய காட்டுமலை மழையை உறிஞ்சி மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். மொட்டைப் பாறையோ அவ்வாறு செய்வதில்லை. பெய்யும் நீரில் பெரும்பகுதியைச் சிறிது நேரத்தில் அடிவாரத்துக்கு இறக்கிவிடும். எஞ்சிய சிறுபகுதி வெடிப்புகளுக்குள் புகுந்து பாறையின் பள்ளங்களில் சுனையாகத் தங்கும். ஆக, ஒரே மலையில் இரண்டு வகை நீர் உண்டு: விரைந்து ஓடும் பெருநீர் ஒன்று, நெடுநாள் தங்கும் சிறுநீர்த்துளி மற்றொன்று. கோட்டை கட்டியோர் பின்னதைப் பிடித்தனர். உழவர் முன்னதைப் பிடித்தனர். இருவர் பிடியிலிருந்தும் நழுவிய நீரே ஆறு.

இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மி.மீ. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவக்காற்றாலும் வங்கக்கடல் புயல்களாலும் கிடைப்பது. ஆகஸ்டு, செப்டம்பர் மாத மாலைகளில் இடிமழையும் உண்டு. குறுகிய காலத்து மழையும் நீரை நிறுத்தாத பாறையும் சேரும்போது, ஆறு ஆண்டில் சில நாள்கள் கரைபுரண்டும் பல மாதங்கள் மணலுக்கடியில் மறைந்தும் வாழ்வது இயல்பே. செஞ்சிக்குத் தென்மேற்கிலுள்ள பாக்கமலைக் காடு மட்டும் இதற்குச் சற்று விலக்கு. இலையுதிர் மரங்களும் உலர் பசுமைமாறாத் தாவரங்களும் கலந்த அக்காட்டின் மண் மழைநீரை நெடுநேரம் பிடித்துவைக்கிறது.

கோட்டைக்குள் நீர்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை ஏறத்தாழ 13 கி.மீ. நீள மதில் இணைக்கிறது. இராசகிரி அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். அதன் உச்சியில் கோடையிலும் வற்றாத சுனைகளும், மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும் உள்ளன. 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகார் கானின் முற்றுகைக்கு இக்கோட்டை ஈடுகொடுத்ததற்கு மதிலின் வலிமையையும் படைகளின் சூழ்ச்சிகளையும் வரலாற்றாசிரியர் பலர் காரணம் காட்டுவர். மலையுச்சிச் சுனைகளை அவ்வரிசையில் முதலாவதாக வைக்கலாம் என்பது என் கருத்து. எதிரியால் திசைதிருப்ப முடியாத நீர் அது.

கீழ்க்கோட்டையின் நீர் வேறு வகை. செட்டிகுளம், சக்கரகுளம், ஆனைகுளம் ஆகியவை பாறைச் சரிவு இறக்கிவிடும் நீரை அடிவாரத்திலேயே மறிப்பவை. கலியாண மகாலின் மேல்நிலைவரை சுடுமண் குழாய்கள் வழியே நீர் ஏற்றப்பட்டது; அந்நீர் கோட்டைக்கு வெளியே ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவிலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து வந்தது. உயரத்தில் உள்ள நீர் தன் மட்டத்தைத் தேடி மீண்டும் ஏறும் என்பதே இதன் நுட்பம். சுற்றுலா வழிகாட்டிகள் இதை வியப்புக்குரிய செய்தியாகச் சொல்லி முடித்துவிடுவர். ஆய்வாளருக்கு முதன்மையானது குழாயன்று. கோட்டையின் அரண்மனையே மதிலுக்கு வெளியிலுள்ள ஒரு நீர்நிலையை நம்பியிருந்தது என்னும் உண்மை. மதில் மனிதரைத் தடுத்தது. நீர்ப்பிடிப்புப் பரப்போ மதிலின் எல்லையோடு நிற்கவில்லை.

தேங்கிய நீருக்கு ஒரு விலையும் இருந்தது. 1750இல் புஸ்ஸியின் தலைமையில் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் 1761 வரை அதை வைத்திருந்தனர். அக்காலத்தில் நோயால் அவர்கள் இழந்த வீரர்களைப் பற்றி இராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் குறிப்பிட்டு, கருநாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு ஒவ்வாத இடம் செஞ்சி என்கிறார். 24 மீட்டர் அகல அகழியும் குளங்களும் பாறைகளுக்கிடையே காற்றோட்டமின்றி நின்றதை எண்ணினால் கொசுவால் பரவும் காய்ச்சலே காரணமாக இருந்திருக்கலாம்.

ஆறு கோட்டைக்குள் வருவதில்லை. அது கோட்டைக்கு வடக்கே, ஆர்க்காட்டுக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட வெளியில் செல்கிறது. 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துத் தேசிங்கு கோட்டையை விட்டு வெளியேறிச் சென்றபோது, பெருகியிருந்த ஆற்றைக் கடந்து சென்றதாகக் கதைப்பாடல் மரபும் அதைத் தழுவிய விவரிப்புகளும் கூறுகின்றன. கதையில் அது வீரத்தின் அடையாளம். நிலவியலாக நோக்கினால், வறண்ட மாதத்தில் எவரும் நடந்தே கடக்கக்கூடிய ஆறு ஐப்பசி மழையில் படையைப் பிளக்கும் அகழியாகிவிடும் என்பதை அது காட்டுகிறது. சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. போர்களை மிக விரிவாகத் தொகுத்த அந்நூலைப் பருவக்காலக் குறிப்போடு மீண்டும் படிப்பது பயன் தரும்.

ஆறு எங்கே தொடங்குகிறது?

இப்போது தோற்றுவாய்க்கு வரலாம். மேல்மலையனூர்ப் பகுதிக் குன்றுகளில் ஆறு தோன்றுகிறது என்பர் சிலர். பாக்கமலையே பிறப்பிடம் என்பர் வேறு சிலர். பழைய விவரச்சுவடி மரபோ அன்னமங்கலத்து ஓடையும் நாரியமங்கலத்து ஓடையும் தென்பாலையருகே கூடுவதால் ஆறு உருவாகிறது என்கிறது. இவற்றுள் எது சரி என்னும் கேள்விக்கு விடை தேடுவதைவிட, ஏன் இத்தனை விடைகள் என்று கேட்பது பயனுடையது.

மூன்றாம் விடையில் வரும் பெயர்களைப் பார்க்க வேண்டும். ஓடைகள் மலையின் பெயரையோ காட்டின் பெயரையோ பெறவில்லை. ஊர்களின் பெயரைப் பெற்றுள்ளன. அவ்விரண்டும் ‘மங்கலம்’ என முடிபவை. மங்கலம் என்னும் ஈறு பெரும்பாலும் பிராமணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட குடியிருப்பைக் குறிக்கும் என்பது கல்வெட்டாய்வாளர் நன்கறிந்தது. ஆகவே இவ்வாறு மனிதர் காலடி படாத மலைமுகட்டில் பிறந்து பிறகு ஊர்களை வந்தடையவில்லை. ஊர்களின் ஏரிகளைக் கடந்த பின்னரே அது ஆறு என்னும் பெயரைப் பெறுகிறது.

இப்பகுதியில் ‘ஏரி கோடி போகிறது’ என்பது பேச்சு வழக்கு. ஏரி நிரம்பி மிகுநீர் கலங்கலின் வழியே வெளியேறுவதை அது குறிக்கும். ஒரு மலையடிவாரத் தாங்கல் நிரம்பிக் கோடி போனால் அந்நீர் அடுத்த ஏந்தலுக்குச் செல்லும். அது நிரம்பினால் கீழுள்ள பெரிய ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பிய பின்னர்தான் ஓடைக்கு வரும். ஓடைகள் கூடி ஆறாகும். மழை குறைந்த ஆண்டில் மேலேரிகளே நீரை வாங்கிக்கொள்ளும். அவ்வாண்டு ஆற்றின் ‘தோற்றுவாய்’ கீழே இறங்கிவிடும். மழை மிகுந்த ஆண்டில் எல்லா ஏரியும் கோடி போகும். தோற்றுவாய் மலையடிவாரம்வரை ஏறிச்செல்லும். நகரும் தோற்றுவாயை ஒரு புள்ளியாகக் குறிக்க முயன்றதால்தான் நூல்கள் முரண்படுகின்றன. ஒவ்வொரு நூலாசிரியரும் தாம் கண்ட பருவத்துக்கு உண்மையாகவே எழுதினர் எனலாம்.

இவ்விளக்கத்தை ஏற்றால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. வரத்துவாய்க்கால் தூர்ந்தோ ஆக்கிரமிக்கப்பட்டோ போன ஏரிக்கு நீர் வராது. வராத நீர் எங்கும் மறைந்துவிடாது. தடையின்றி நேரே ஆற்றுக்குப் பாயும். ஆகவே மேற்பகுதியில் ஏரித்தொடர் சிதைவது கீழ்ப்பகுதிக்கு வெள்ளத்தை மிகுவிக்கும். மழை நின்றபின் ஊறிவரும் நீரையும் குறைக்கும். மலையடிவாரத்தில் ஓர் ஏரி தூர்வதும் புதுச்சேரியில் ஒரு தெரு மூழ்குவதும் வெவ்வேறு செய்திகளாக அச்சிடப்படுகின்றன. ஆற்றின் கணக்கில் அவை ஒன்றே.

வீடூரும் அதற்குக் கீழும்

செஞ்சியைக் கடந்து தென்கிழக்கே திரும்பும் ஆறு வீடூரில் தொண்டியாற்றைச் சந்திக்கிறது. அவ்விடத்தில் 1959இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் உயரம் 32 அடி; கொள்ளளவு 605 மில்லியன் கனஅடி. 3,200 ஏக்கர் பாசனத்தில் 2,200 ஏக்கர் தமிழகத்திலும் 1,000 ஏக்கர் புதுச்சேரியிலும் உள்ளன. புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பரில் இந்தியாவின் கைக்கு வந்தது; சட்டப்படியான ஒப்படைப்பு முழுமை பெற்றது 1962 ஆகஸ்டில். அரசியல் ஒப்படைப்பு முடிவதற்கு முன்பே நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது கருதத்தக்கது.

அணைக்குக் கீழே ஆறு கடும்பாறை நிலத்தை விட்டுக் கடலூர் மணற்கல் பரப்பில் நுழைகிறது. அந்த எல்லையருகே ஆற்றங்கரையில் திருவக்கரை உள்ளது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் அங்கே செம்மண்ணில் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பேணுகிறது. அம்மரங்களில் கிளைகள் இல்லை, வேர்கள் இல்லை, இலைகளும் இல்லை. அவை அங்கே நின்று வளர்ந்தவை அல்ல. வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, வழியில் கிளையும் வேரும் முறிந்து, மணலில் புதையுண்டவை என்பது புவியியலாளர் முடிவு. அதாவது, இன்றைய சங்கராபரணிக்கு மிக முன்பே மேற்கிலிருந்து மரங்களைப் பெயர்த்து வரும் வலிமையுள்ள ஆறுகள் இந்நிலத்தில் பாய்ந்துள்ளன. அவை விட்டுச்சென்ற மணற்கல் அடுக்கே இன்று இவ்வட்டாரத்தின் முதன்மையான நிலத்தடி நீர்க்களம். செஞ்சிப் பாறை தங்கவிடாத நீரை இம்மணற்கல் வாங்கி வைத்துக்கொள்கிறது.

புதுச்சேரி எல்லைக்குள் சுத்துக்கேணி வாய்க்கால் இவ்வாற்று நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுசெல்கிறது. பம்பையாறும் குடுவையாறும் வந்து சேர்ந்தபின் ஆறு வில்லியனூரைக் கடந்து பிரிகிறது. அரியாங்குப்பம் கிளையின் கரையில் அரிக்கமேடு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வானியல் ஆய்வுக்காக வந்த பிரெஞ்சு அறிஞர் லெ ழான்தீ, ஆற்றங்கரையில் பழஞ்செங்கற்கள் வெளிப்பட்டதைக் குறித்தார். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989–1992இல் விமலா பெக்லியும் அங்கு அகழ்ந்தனர். உரோமானிய வணிகம் பற்றி அறியத் தொல்லியலாளர் நாடும் இவ்விடத்தை முதலில் வெளிக்காட்டியதும் ஆறு. கரையை அரித்து அதன் ஒரு பகுதியைக் கொண்டுபோனதும் ஆறு. துறைமுகம் கழிமுகத்தில் அமைந்ததற்கும் பின் தூர்ந்ததற்கும் கடலலையை மட்டும் காரணமாகக் கொள்ளாமல், மேலிருந்து வந்த மணலையும் கணக்கிட வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரைகடந்தது. வீடூருக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. ஆண்டு மழையில் பாதி ஒரு நாளில்! அணை நிரம்பி நீர் திறக்கப்பட, சங்கராபரணிக் கரையூர்கள் வெள்ளத்தில் நின்றன. இத்தகைய மழையை எந்த ஏரித்தொடரும் முழுமையாகத் தாங்கியிராது. எனினும் தாங்கியிருக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்று கணிக்க, முதலில் எத்தனை ஏரிகள் இன்று கோடி போகும் நிலையில் உள்ளன என்பது தெரிய வேண்டும்.

ஆய்வுக்குரிய எல்லை

2025 ஜூலையில் மராத்தியப் போர்நிலக்காட்சிகள் என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாகச் செஞ்சிக் கோட்டை யுனெசுகோ உலக மரபுச் சின்னமாயிற்று. அப்பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை அதுவே. ‘நிலக்காட்சி’ என்னும் சொல் அத்தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் கோட்டையைப் பற்றிய எழுத்துகள் மதிலோடு நின்றுவிடுகின்றன. ஆற்றைப் பற்றிய எழுத்துகள் வீடூர் அணையிலிருந்து தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே விடுபட்ட ஏரிகளும் ஓடைகளும்தான் கோட்டைக்கு நீரும் ஆற்றுக்கு உடலும் தந்தவை.

தமிழாய்வுத் துறையினர் செய்யக்கூடிய பணி இதில் உண்டு. பொறியியல் கருவி எதுவும் அதற்கு வேண்டியதில்லை. செஞ்சி, மேல்மலையனூர் வட்டங்களில் தாங்கல், ஏந்தல், ஏரி, குளம், மங்கலம் என முடியும் ஊர்ப்பெயர்களைத் தொகுக்க வேண்டும். கல்வெட்டுகளில் வரும் ஏரிக்கொடைகளையும் மதகுக் குறிப்புகளையும் அவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வோர் ஏரியின் கோடி எத்திசையில் எந்த ஏரிக்குச் செல்கிறது என்பதை ஊர் முதியோரிடம் கேட்டுப் பதிய வேண்டும். நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்கள் அத்திசைகளைப் படம் பார்க்காமலே சொல்வார்கள். அவர்களுள் பலர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.